‘ரன்’ என்னும் ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

ஆங்கிலத்தில் ‘ரன்’ என்றால் ஓடு. தமிழ் வழியில் படித்தவரானாலும் ஆங்கில வழியில் படித்தவரானாலும் தொடக்கப் பள்ளியிலேயே இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறோம். அதனாலேயே பிற்பாடு இந்தச் சொல்லை அகராதியில் தேடிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு வருவதில்லை. ஆனால், ஆங்கிலச் செய்தித்தாளையோ அலுவலக மின்னஞ்சலையோ படிக்கும்போது, கால்களால் ஓடுவதற்குச் சற்றும் தொடர்பில்லாத இடங்களில் இதே சொல் வந்து நிற்கிறது. பள்ளிக்கூடம் நடத்துவதும் ‘ரன்’, துணியில் சாயம் இறங்குவதும் ‘ரன்’, குழந்தைக்குக் காய்ச்சல் அடிப்பதும் ‘ரன்’, அமெரிக்காவில் அதிபர் பதவிக்குப் போட்டியிடுவதும் ‘ரன்’. அரிய சொல்லைக் கண்டால் அகராதியைப் புரட்டும் மாணவர், தெரிந்த சொல்தானே என்று இதைக் கடந்து சென்று, வாக்கியத்தின் பொருளைத் தவறவிடுகிறார். ஆங்கிலம் கற்பவரைக் கடினமான சொற்களைவிட எளிய சொற்களே அதிகம் ஏமாற்றுகின்றன என்பது என் கருத்து. அந்த எளிய சொற்களுள் முதலிடம் ‘ரன்’ என்பதற்கே உரியது.

முதலிடம் என்பதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஆங்கிலச் சொற்களின் வரலாற்றைத் தொகுத்துத் தரும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பதிப்பு 1928-இல் நிறைவுற்றது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவாக இருந்தது ‘செட்’ என்னும் வினைச்சொல்; அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள், விளக்கத்துக்கு மட்டும் சுமார் 60,000 சொற்கள். அடுத்த பதிப்புக்கான திருத்தப் பணியில் ‘ரன்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்ட பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டி, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்களைப் பிரித்து எழுதினார். 2011-இல் இது செய்தியானபோது, ‘செட்’ தன் பழைய பட்டத்தை இழந்தது.

இந்த எண்ணைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை; 645 பொருள்களை மனப்பாடம் செய்தவர் இங்கிலாந்திலும் இல்லை. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்பது, ஒரு மரத்துக்கு எத்தனை இலை என்பதுபோல் எண்ணிச் சொல்லிவிடக்கூடிய கணக்கன்று. அகராதி தொகுப்பவர்களிடையே நெருங்கிய பொருள்களை ஒன்றாகச் சேர்ப்பவர்களும் உண்டு, சிறு வேறுபாட்டைக் கண்டாலும் தனித்தனியே பிரிப்பவர்களும் உண்டு. ஆறு ஓடுகிறது, மூக்கு ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது என்ற மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போதும். ஆங்கிலேயரைக் கேட்டால் மூன்றும் ஒரே பொருள்தான், நீர் வழிந்து செல்வது, அவ்வளவுதான் என்பார். தமிழில் மூன்றுக்கும் மூன்று வினைச்சொற்கள் வழங்குவதால், நமக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள்களாகத் தெரிகின்றன. ஆகவே, பொருள்களின் எண்ணிக்கையில் ஒரு பங்கு சொல்லில் இருக்கிறதென்றால், இன்னொரு பங்கு எந்த மொழியிலிருந்து பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

இப்படி ஒரு சொல் பல பொருள் தருவதைத் தமிழ் இலக்கணம் ‘பலபொருள் ஒருசொல்’ என்று குறிப்பிடுகிறது. இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்ப்பது தொடக்க நிலையில் அவசியம். ஆங்கிலத்தில் ‘பேட்’ என்றால் கிரிக்கெட் மட்டை. ‘பேட்’ என்றால் வௌவாலும்கூட. இவை இரண்டும் வெவ்வேறு வேரிலிருந்து பிறந்து, காலப்போக்கில் தற்செயலாக ஒரே ஒலியை அடைந்த இரு சொற்கள். மட்டையிலிருந்து வௌவாலுக்குச் செல்லும் வழி எதுவும் இல்லை. தமிழில் ‘ஓடு’ என்ற ஏவலையும் முட்டை ஓட்டையும் இதுபோல்தான் கொள்ள வேண்டும். ‘ரன்’ அப்படிப்பட்டதன்று. அதன் நூற்றுக்கணக்கான பொருள்களும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தவை. ஒவ்வொன்றிலிருந்தும் மற்றொன்றுக்குச் செல்ல ஏதோ ஒரு படி இருக்கிறது. அந்தப் படிகள் தெரிந்துவிட்டால், இதுவரை பார்த்திராத ஒரு புதுப் பயன்பாட்டையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

முதற்படி, இந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சொல்லன்று, இரண்டு சொற்கள். ‘ரின்னன்’ அல்லது ‘இர்னன்’ என்பது தானாக ஓடுவதையும் நீர் வழிவதையும் குறித்தது. ‘ஆர்னன்’ என்பது பிறிதொன்றை ஓடச் செய்வதை, குதிரையை விரட்டிச் செல்வதைக் குறித்தது. தமிழில் சொன்னால் ஒன்று ஓடு, மற்றொன்று ஓட்டு. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில், நீர் வழிவதற்கு ‘ரின்னன்’ என்றும் விரைந்து ஓடுவதற்கு ‘ரென்னன்’ என்றும் இரு சொற்கள் இன்றும் தனித்தனியே வழங்குகின்றன. ஆங்கிலத்தில் மட்டும் இரண்டும் கலந்து ‘ரன்’ என ஒன்றாகிவிட்டன. உருள் – உருட்டு, ஆடு – ஆட்டு, ஓடு – ஓட்டு என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் தனி வடிவம் வைத்திருக்கும் மொழியிலிருந்து வரும் நமக்கு, ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு வடிவத்தில் தெரியாமல் இருப்பதுதான் முதல் குழப்பம். ‘தி பஸ் ரன்ஸ்’ என்றால் பேருந்து ஓடுகிறது. ‘தே ரன் எ பஸ்’ என்றால் அவர்கள் பேருந்து விடுகிறார்கள். வினைச்சொல் மாறவில்லை; பின்னால் ஒரு செயப்படுபொருள் வந்ததுதான் வேறுபாடு.

இந்த இடத்தில் ஈழத் தமிழ் வழக்கு நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டில் கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்பதை யாழ்ப்பாணத்தார் ‘கார் ஓடத் தெரியுமோ’ என்று கேட்பார்கள். ‘அவர் பஸ் ஓடுறவர்’ என்றால் அவர் பேருந்து ஓட்டுநர் என்று பொருள். பிறவினை வேலையையும் ஓடு என்பதே செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் வடிவங்கள் கலந்தது வேறு வரலாறு என்றாலும், ஒரே வடிவம் இரு வேலையையும் பார்ப்பது தமிழுக்கு முற்றிலும் அந்நியமன்று என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

இனி, கிளைகளைப் பார்ப்போம். ஓடுவது என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு விரைந்து, தடையில்லாமல் செல்வது. இதிலிருந்து ‘விரைந்து’ என்பதைக் கழித்துவிட்டு, ‘தடையில்லாமல் செல்வது’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் நீர் கிடைக்கிறது. ஆறும் கண்ணீரும் மூக்கும் ‘ரன்’ ஆகின்றன. துணியைத் துவைத்தபோது சாயம் நீரோடு வழிந்து மற்றத் துணியில் ஏறினால், ‘தி கலர்ஸ் ரேன்’. மேலை நாட்டில் குளியல் தொட்டியில் நீரைத் திறந்து நிரப்புவதற்கு ‘ரன் எ பாத்’ என்கிறார்கள். இது ஓட்டு வகை, நீரை ஓடவிடுவது. நம் வீடுகளில் வாளியில் தண்ணீர் பிடித்துவைப்பதே வழக்கம் என்பதால், இந்தத் தொடரை முதன்முறை கேட்பவர் குளியலறைக்குள் யாரோ ஓடுவதாக எண்ணிக்கொண்டாலும் வியப்பில்லை.

நீரிலிருந்தே இன்னொரு கிளை புறப்படுகிறது. ‘தி வெல் ரேன் டிரை’ என்றால் கிணறு வற்றிவிட்டது. இங்கே ‘ரன்’ என்பதற்குப் பின் ஒரு பெயரடை வருவதைக் கவனிக்க வேண்டும். வற்றிய, குறைந்த, தாமதமான, கட்டுக்கடங்காத என்பது போன்ற நிலைகளைக் குறிக்கும் சொற்கள் பின்னால் வந்தால், ‘ரன்’ தன் ஓட்டத்தை விட்டுவிட்டு, ஏறக்குறைய ‘ஆகு’ என்ற வேலையைச் செய்கிறது. கையிருப்பு ‘ரன்ஸ் லோ’ என்றால் குறைந்துகொண்டே வருகிறது. ரயில் ‘ரன்னிங் லேட்’ என்றால் தாமதமாக வருகிறது. உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமலே ஒருவர் ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்று கைப்பேசியில் சொல்லலாம். அவர் ஓடவில்லை, அவருக்கு நேரமாகிவிட்டது என்பதே செய்தி. எல்லாப் பெயரடைகளும் இப்படி வந்துவிடா. ‘ரன் ஹேப்பி’ என்று யாரும் சொல்வதில்லை. பழகிய சில சேர்க்கைகளே உண்டு. அவற்றைச் சேர்க்கையாகவே கற்றுக்கொள்வது நல்லது.

இயந்திரக் கிளைதான் இன்று மிகவும் செழித்திருப்பது. கடிகாரம், ஆலை, ரயில், மோட்டார் என்று தானாக இயங்கும் பொருள்கள் பெருகப் பெருக, அவை இயங்குவதைச் சொல்ல ஆங்கிலம் இந்தச் சொல்லையே கைக்கொண்டது. தமிழும் அப்படியே செய்தது. மின்விசிறி ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது என்று நாமும் சொல்கிறோம். ஆனால், ஆங்கிலம் அங்கே நிற்கவில்லை. இயந்திரத்தை இயக்குவது என்பதிலிருந்து கணினி நிரலை இயக்குவது, அதிலிருந்து ஒரு சோதனையைச் செய்து பார்ப்பது, ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது என்று நீட்டிக்கொண்டே சென்றது. மருத்துவர் ‘வி வில் ரன் சம் டெஸ்ட்ஸ்’ என்றால், சில பரிசோதனைகள் எடுத்துப் பார்க்கலாம் என்று பொருள். மென்பொருள் அலுவலகங்களில் ‘கோடு ரன் ஆகல’, ‘இன்னொரு தடவை ரன் பண்ணிப் பாருங்க’ என்ற இரண்டு வாக்கியங்களும் நாள்தோறும் காதில் விழுகின்றன. ஆங்கிலம் ஒன்றாகக் கலந்துவிட்ட தன்வினையையும் பிறவினையையும், ‘ஆகு’, ‘பண்ணு’ என்ற துணைவினைகளைச் சேர்த்துத் தமிழர்கள் தாமாகவே மீண்டும் பிரித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து நடந்ததன்று.

இயந்திரத்தை ஓட்டுவதற்கு அடுத்த படி நிறுவனத்தை ஓட்டுவது. ‘ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் அவர் பள்ளிக்கூடம் நடத்துகிறார். தமிழில் ‘நடத்து’ என்பது ‘நட’ என்பதன் பிறவினை. ஆங்கிலத்தார் நிறுவனத்தை ஓடவிடுகிறார்கள், நாம் நடக்கவிடுகிறோம். கற்பனை ஒன்றுதான், வேகம்தான் வேறு. நம் பேருந்தில் ஓட்டுநரும் நடத்துநரும் தனித்தனியே இருப்பதை ஆங்கிலத்துக்கு விளக்க முற்பட்டால் சிரமம்தான். ஆயினும் ஓர் எச்சரிக்கை: ‘கடையை ஏதோ ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று தமிழில் சொன்னால், வியாபாரம் மந்தம், எப்படியோ காலம் தள்ளுகிறேன் என்ற தொனி வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ ரன் எ ஷாப்’ என்பதில் அந்தச் சலிப்பு இல்லை. கடையின் பொறுப்பு முழுவதும் தம் கையில் இருப்பதை இயல்பாகச் சொல்லும் வாக்கியம் அது. பெயரளவில் ஒருவர் முதலாளியாக இருக்க, உண்மையில் வேலை வாங்குபவர் வேறொருவராக இருந்தால், அந்த வேறொருவரைக் குறிக்கத்தான் ஆங்கிலத்தார் இந்தச் சொல்லை எடுப்பார்கள்.

அசையாத பொருள்களும் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. ‘தி ரோடு ரன்ஸ் அலாங் தி கோஸ்ட்’ என்றால் சாலை கடலோரமாகச் செல்கிறது. சாலை எங்கும் செல்லவில்லை. அதைப் பார்ப்பவரின் கண் அதன்மீது செல்கிறது. லெனார்டு டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் இத்தகைய பயன்பாடுகளை விரிவாக ஆராய்ந்தார். உண்மையில் நிகழாமல், சொல்லும் முறையில் மட்டும் நிகழும் இயக்கம் இது. தமிழுக்கும் இது இயல்பு. சுவரில் விரிசல் ஓடியிருக்கிறது என்கிறோம், கிணற்றடி வரைக்கும் வேர் ஓடியிருக்கிறது என்கிறோம். ஆனால், சாலைக்கும் மலைத்தொடருக்கும் வேலிக்கும் நாம் ‘செல்கிறது’, ‘நீள்கிறது’ என்ற சொற்களையே விரும்புகிறோம். ‘சாலை கடலோரமாக ஓடுகிறது’ என்று எழுதினால் பொருள் விளங்கும். ஆனால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும்.

இடத்தில் நீள்வதுபோலவே காலத்திலும் நீளும். ஓர் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு ‘ரன்’ ஆகிறது என்றால், அதன் காலம் இரண்டு ஆண்டு. நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘தி சென்டென்சஸ் ஷல் ரன் கன்கரன்ட்லி’ என்று ஒரு வரி அடிக்கடி வரும்; தமிழ் நாளிதழ்கள் இதைத் தண்டனையை ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதுகின்றன. ஒரு குற்றத்துக்கு மூன்று ஆண்டு, மற்றொன்றுக்கு இரண்டு ஆண்டு என்று தண்டனை விதித்து இந்த வரியைச் சேர்த்தால், குற்றவாளி ஐந்து ஆண்டு சிறையிலிருக்க வேண்டியதில்லை, மூன்று ஆண்டு இருந்தால் போதும். ஒரு சிறு வினைச்சொல்லின் பொருள் சிலருக்கு இரண்டு ஆண்டு வாழ்க்கை.

திரைப்படத்திலும் இதே காலப் பொருள்தான். படம் இரண்டரை மணி நேரம் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது என்ற இரண்டு வாக்கியத்திலும் தமிழ் ஓடுவதும் ஆங்கிலம் ‘ரன்’ ஆவதும் ஒத்துப்போகின்றன. ஆனால், ‘படம் ஓடவில்லை’ என்று நாம் சொல்வதில் தோல்வி என்ற பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே ‘தி ஃபிலிம் டிட் நாட் ரன்’ என்று சொன்னால், படச்சுருளோ கருவியோ பழுதாகிப் படம் திரையில் வரவில்லை என்றுதான் ஆங்கிலத்தார் விளங்கிக்கொள்வார்கள். செய்தித்தாள் ஒரு கட்டுரையை வெளியிடுவதற்கும் ‘ரன்’ உண்டு. இதை அறிந்துகொண்டால் போதும், மேலும் விளக்க எதுவுமில்லை.

தேர்தல் ஒரு சுவையான இடம். அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். பந்தயத்தில் ஓடுவது என்ற கற்பனை. பிரிட்டனிலோ அவர் ‘ஸ்டாண்டு’ செய்கிறார், அதாவது நிற்கிறார். தமிழில் ‘எங்கள் தொகுதியில் அவர் நிற்கிறார்’ என்று சொல்லும்போது நாம் பிரிட்டன் பக்கம் இருக்கிறோம். இந்திய ஆங்கிலச் செய்தித்தாள்கள் ‘கான்டெஸ்ட்’ என்று எழுதி இரு பக்கத்தையும் தவிர்த்துவிடுகின்றன. சாலைச் சிவப்பு விளக்கை மதிக்காமல் செல்வதற்கும் இதே வேறுபாடு உண்டு. அமெரிக்கர் அதை ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனிலும் இந்தியாவிலும் அதை ‘ஜம்ப்’ செய்கிறார்கள்.

ஆபத்தோடு சேரும்போது இந்தச் சொல் ஒரு நுட்பத்தைக் காட்டுகிறது. ‘டேக் எ ரிஸ்க்’ என்றால் தெரிந்தே துணிந்து இறங்குவது. ‘ரன் எ ரிஸ்க்’ என்றால் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆபத்துக்கு ஆளாகும் நிலையில் இருப்பது. தலைக்கவசம் அணியாதவர் இரண்டாம் வகை. காய்ச்சலுக்கும் இப்படியே, ‘தி சைல்டு இஸ் ரன்னிங் எ ஃபீவர்’ என்பதில் குழந்தை எதையும் செய்யவில்லை. தமிழில் காய்ச்சல் அடிக்கிறது என்கிறோம், இதில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று ஆங்கிலேயர் திருப்பிக் கேட்டால் நம்மிடமும் பதில் இல்லை.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் பெரும்பாலான தமிழர்களுக்கு ‘ரன்’ என்பது முதலில் பெயர்ச்சொல்லாகத்தான் அறிமுகம். விக்கெட்டுகளுக்கிடையே ஓடுவதால் அந்த ஓட்டமே ‘ரன்’ ஆயிற்று. தொடக்க காலத்தில் ஓட்டங்களைக் குச்சியில் வெட்டுக்குறி போட்டுக் கணக்கு வைத்தார்கள். ‘ரன் அவுட்’ என்ற தொடர் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். ஆனால், இதே தொடர் மளிகைக் கடையில் வேறு பொருள் தருகிறது: ‘வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்றால் பால் தீர்ந்துவிட்டது. ஓடி ஓடி முடிவுக்கு வந்துவிட்டது என்ற படிமம் அதில் இருக்கிறது.

இது நம்மைப் பொருளின் மிகவும் வழுக்கலான பகுதிக்குக் கொண்டுவருகிறது. ‘ரன்’ என்பதை அடுத்து அவுட், ஓவர், டவுன், அப், இன்டு, த்ரூ, பை போன்ற சிறு சொற்கள் சேரும்போது, கூட்டுத்தொடர் தனிப் பொருள் பெற்றுவிடுகிறது. லாரி ஒருவரை ‘ரன் ஓவர்’ செய்தால் அவர்மீது ஏறிவிட்டது. கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டது. பேட்டரி ‘ரன் டவுன்’ ஆனால் சக்தி தீர்ந்தது. ஒருவரை ‘ரன் டவுன்’ செய்தால் வண்டியால் இடித்துத் தள்ளியதாகவும் இருக்கலாம், இல்லாத இடத்தில் அவரைப் பற்றி மட்டம் தட்டிப் பேசியதாகவும் இருக்கலாம். கடன் ‘ரன் அப்’ ஆகிறது என்றால் ஏறிக்கொண்டே போகிறது. இவற்றுக்கு விதி தேடி அலைவதைவிட, ஒவ்வொன்றையும் ஒரு முழு வாக்கியத்தோடு எழுதிவைத்துக்கொள்வதே பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

மற்றக் கிளைகளில், எது எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வியப்பாக இருந்தாலும், இதற்குத் தொல்காப்பியத்திலேயே ஒரு வழி கிடைக்கிறது. பலபொருள் ஒருசொல்லைப் பற்றிச் சொல்லும்போது, ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே’ என்கிறது சொல்லதிகாரம். மா பூத்தது என்றால் மரம், மா கனைத்தது என்றால் குதிரை. பெயர்ச்சொற்களுக்காகச் சொல்லப்பட்ட நூற்பா என்றாலும், உடன்வரும் சொல்லையும் சூழலையும் பார் என்ற அறிவுரை ‘ரன்’ என்னும் வினைக்கும் அப்படியே பொருந்துகிறது. பெயரைத் தெளிய வினையைப் பார்த்ததுபோல், இங்கே வினையைத் தெளியப் பெயர்களைப் பார்க்க வேண்டும். எழுவாயாக வருவது ஆளா, நீரா, இயந்திரமா, நீண்டு கிடக்கும் பொருளா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு செயப்படுபொருள் உண்டா, உண்டென்றால் அது நிறுவனமா, சோதனையா, ஆபத்தா என்று பார்க்க வேண்டும்.

ஓர் அலுவலக மின்னஞ்சலை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். ‘வி ஆர் ரன்னிங் லேட். ஐ ரேன் தி டெஸ்ட் ட்வைஸ், பட் தி சர்வர் இஸ் ரன்னிங் ஸ்லோ. கேன் ஐ ரன் தி ரிசல்ட்ஸ் பை யூ? தி லேடி ஹூ ரன்ஸ் தி சென்னை யூனிட் வான்ட்ஸ் தெம் டுடே.’ ஐந்து முறை வந்திருக்கிறது, ஒரு முறையும் யாரும் ஓடவில்லை. முதலாவதில் பின்னால் வருவது பெயரடை, ஆகவே தாமதமாகிவிட்டது. இரண்டாவதில் செயப்படுபொருள் சோதனை, ஆகவே செய்து பார்த்தேன். மூன்றாவதில் எழுவாய் இயந்திரம், ஆகவே மெதுவாக இயங்குகிறது. நான்காவதில் ‘பை யூ’ என்ற சேர்க்கை இருக்கிறது. முடிவுகளை உங்களிடம் ஒரு பார்வைக்குச் சொல்லிக் கருத்துக் கேட்கட்டுமா என்பது அதன் பொருள். ஐந்தாவதில் செயப்படுபொருள் ஓர் அலுவலகப் பிரிவு, ஆகவே அதை நடத்துபவர். இத்தனைக்கும் கடிதம் எழுதியவர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியதாக உணர்ந்திருக்கவே மாட்டார்.

எதிர்த் திசையிலும் கவனம் தேவை, ஏனெனில் தமிழில் ஓடுபவையெல்லாம் ஆங்கிலத்தில் ஓடுவதில்லை. பரீட்சை மண்டபத்தில் ‘எனக்கு ஒன்றுமே ஓடவில்லை’ என்று நாம் சொல்வதை ‘ரன்’ வைத்துச் சொல்ல வழியில்லை. யோசிக்க முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ‘பிழைப்பு ஓடுகிறது’ என்பதற்கும் அப்படியே. ‘காலம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது’ என்றால் ஆங்கிலத்தில் காலம் பறக்கிறது. அங்கே காலம் ‘ரன்னிங் அவுட்’ என்றால் கெடு முடியப்போகிறது என்ற வேறு செய்தி. வீட்டைவிட்டு ஓடிப்போனார்கள் என்பதற்கு ‘ரன் அவே’ பொருந்தும். நகரும் பேருந்தில் ஏற முயல்பவரைப் பார்த்து நடத்துநர் ‘ரன்னிங்ல ஏறாதீங்க’ என்று சொல்வது நல்ல தமிழ்நாட்டு வழக்கு. இங்கிலாந்து ஓட்டுநரிடம் அதைச் சொல்ல ‘மூவிங்’ என்ற சொல் வேண்டும். நாம் ‘ரன்னிங் நோஸ்’ என்பதை அவர்கள் ‘ரன்னி நோஸ்’ என்கிறார்கள்.

வடிவத்தில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. நிகழ்காலத்தில் ‘ரன்’, இறந்தகாலத்தில் ‘ரேன்’, ‘பாஸ்ட் பார்ட்டிசிபிள்’ எனப்படும் இறந்தகால எச்ச வடிவில் மீண்டும் ‘ரன்’. ஆகவே ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ என்பவற்றுக்குப் பின் ‘ரன்’ வர வேண்டும். ‘ஹேஸ் ரேன்’ என்று எழுதுவது ஏற்கப்பட்ட எழுத்து ஆங்கிலத்தில் பிழை. பேச்சில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதைத் தவறவிடுவதைக் கேட்கலாம்.

உடன்வரும் சொற்களைப் பார்த்தும் தெளியாத வாக்கியங்கள் மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று, ‘ஐ ரேன் இன்டு யுவர் பிரதர் எஸ்டர்டே’. உங்கள் தம்பியை நேற்று வழியில் எதிர்பாராமல் சந்தித்தேன் என்பது வழக்கமான பொருள். சொல்பவர் அப்போது பைக்கில் வந்துகொண்டிருந்தாரென்றால், தம்பிமீது மோதிவிட்டேன் என்றும் பொருள்படும். இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்டால், பதறிப்போவதற்கு முன் அடுத்த வாக்கியம் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். தம்பி நலமாக இருக்கிறார், வேலை மாறிவிட்டாராம் என்று பெரும்பாலும் தொடரும்.